அட்டையின் ஆறாவது கடல் பயணம்

ஆகாயத்தில் பேசுவதற்குக் காசு கிடையாது. பேசினோம் என்று காட்டுவதற்குத்தான் செலவு. வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியும் மைக்கும் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத தேசத்து ஆளோடு "கேட்கிறதா, கேட்கிறதா" என்று பேசும் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டுவிடுவார்கள். பேச்சு முடிந்ததும் அவரவர் ஓர் அட்டையில், இன்ன நாளில் இன்ன அலைவரிசையில் உங்கள் குரலைக் கேட்டேன் என்று எழுதி மற்றவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அட்டை வந்தால்தான் பேச்சு நடந்ததாகக் கணக்கு. வராவிட்டால், இத்தனை நேரம் நீங்கள் சுவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம்.

அட்டை கேட்கிறவர்தான் அது வந்து சேரும் தபால் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மரியாதை. நம் ஊர்த் தபால்தலையை உள்ளே வைத்து அனுப்பினால் அந்த ஊரில் அது வெறும் படம். அதற்காகப் பதில் கூப்பன் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். இங்கே வாங்கி உறைக்குள் வைத்து அனுப்பினால், அங்கே தபாலாபீசில் அதை நீட்டி ஒரு கடிதத்துக்கான தபால்தலை வாங்கிக்கொள்ளலாம். மனிதன் மனிதனை நம்பாமலே மரியாதையாக நடந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

லென்ஸ்காரர் இந்தப் பொழுதுபோக்கில் பழைய ஆள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்குத் தக்கபடி கண்ணாடி தேய்ப்பது அவர் வேலை. பகலெல்லாம் ஊராரின் பார்வையை விளிம்பு விளிம்பாகத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். மாட்டிவிட்டால் பக்கத்து வீட்டில் கூரை விழுந்தாலும் தெரியாது; பசிபிக் சமுத்திரத்தில் மழை தூறினால் தெரியும்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் தீவுக்காரர் கிடைத்தார். வரைபடத்தில் அச்சுப்பிழை மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அது அவருடைய தீவு. இருவரும் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த பொது மொழியில் பேசினார்கள். பெயர், ஊர், வெயில், மழை. பிறகு "உங்கள் சத்தம் ஐந்து-ஒன்பது" என்று இவர் சொன்னார், அவரும் சொன்னார். கேட்பதற்கு அடுப்பில் எண்ணெய் வெடிப்பது மாதிரி இருந்தாலும் ஐந்து-ஒன்பது, அதாவது மிகத் தெளிவு என்று சொல்லிவிடுவது இந்தத் தொழிலின் நாகரிகம்.

அப்போதுதான் தீவுக்காரர் சிரித்தார். "உங்கள் அறையில் இப்போது ஓர் அம்மாள் ஏதோ சொன்னார்களே, உங்கள் மனைவியா?"

லென்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது, முகத்தில் மட்டும் சொல்லி முடித்த களை.

"உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த சத்தத்தை அப்படியே எழுதி வைத்துவிட்டேன். அட்டையில் போட்டு அனுப்புகிறேன். இங்கே தபால் செலவு அதிகம். ஒரு கூப்பன் மட்டும்..." என்றார் தீவுக்காரர். அதற்குள் ஆகாயம் மூடிக்கொண்டது. வெறும் இரைச்சல்.

லென்ஸ்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "என்ன சொன்னே?"

"எப்போ?"

"இப்போ. மைக்ல போயிருக்கு. அந்த ஆளுக்குக் கேட்டிருக்கு."

"சமுத்திரத்துக்கு அந்தாண்ட இருக்கறவருக்குக் கேட்டுதாமா? பக்கத்துல இருக்கறவருக்குக் கேக்கலையாமா?"

"என்னன்னு சொல்லேன்."

"காதுல அதை மாட்டிக்கிட்டா எப்படிக் கேக்கும்? அந்த ஆளையே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க." சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவரும் வற்புறுத்தவில்லை. அட்டைதான் வரப்போகிறதே என்று இருந்துவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அவள் இல்லை. மூளையில் ஏதோ ஒரு நரம்பு என்றார்கள். டாக்டர் அதன் பெயரைச் சொன்னார், படம் போட்டுக்கூடக் காட்டினார். லென்ஸ்காரர் தலையாட்டினார்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அவர் செய்த முதல் காரியம், ஹெட்போனின் ஒயரைப் பிடுங்கி அதை அலமாரிக்கு மேலே போட்டதுதான். அதற்கப்புறம் பெட்டியை ஸ்பீக்கரில்தான் வைத்தார். அழவில்லை. கடைக்குப் போனார், வந்தார். நம்பர் சரியில்லாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எல்லாம் இருக்கும், எதுவும் கிட்டத்தில் இருக்காது. அப்படி இருந்தது. அதில் ஒன்றே ஒன்று மட்டும் விளிம்போடு தெரிந்தது: அவள் என்ன சொன்னாள் என்று இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் எழுதி வைத்திருக்கிறான். அதற்கு ஒரு கூப்பன் வேண்டும்.

தபாலாபீசில் கவுன்டர் அம்மாள் அவர் கேட்டதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

"பதில் வர்றதுக்கு நீங்க ஏன் சார் காசு கட்டறீங்க? பதில் போடறவங்கதானே கட்டணும்?"

"இது அப்படி ஒரு பழக்கம்மா."

"அதெல்லாம் இப்போ நாங்க விக்கறதில்ல. இருந்ததையெல்லாம் ஒரு சங்கம் மொத்தமா வாங்கிட்டுப் போயிடுச்சு. ரேடியோ சங்கமாம். அவங்களைத் தவிர யாரும் கேக்கறதும் இல்ல."

அந்தச் சங்கம் வேறு எதுவும் அல்ல, லென்ஸ்காரரே ஆயுள் சந்தா கட்டியிருந்த வானலை அன்பர் பேரவைதான். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உறுப்பினர்களின் வெளிநாட்டுத் தபால் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும். அட்டைகள் வீடு வீடாகப் போய்த் தொலைந்துவிடக் கூடாது என்று ஒரு காலத்தில் செய்த ஏற்பாடு. இப்போது ஒரே இடத்தில் தொலைந்தன.

பேரவையின் செயலாளர் மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வெல்வெட்டு விரித்து, கூப்பன்களை விசிறி மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே சின்னதாக ஒரு விளக்கு.

"உட்காருங்க. அனுதாபம். நம்ம செய்திமடல்ல ரெண்டு வரி போட்டிருந்தோம், பார்த்தீங்களா?" என்றார் செயலாளர்.

"பார்த்தேன் சார். எனக்கு ஒரு கூப்பன் வேணும்."

செயலாளர் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே ஒரு குரல் வைத்திருந்தார் போல; அது வெளியே வந்தது.

"கூப்பன்ங்கறது என்ன? வெறும் காகிதமா? இல்ல. அது இந்த நாட்டோட கௌரவம். நாம அனுப்பற ஒவ்வொரு கூப்பனும் வெளிநாட்டான் கையில நம்ம முகம். அதனாலதான் இத்தனை வருஷமா ஒரு கூப்பனைக்கூட இந்தப் பேரவை வெளியே விட்டதில்ல. முழுசா அப்படியே இருக்கு. நீங்களே எண்ணிப் பார்க்கலாம்."

"சார், எனக்கு ஒண்ணு போதும்."

"தாராளமா. பேச்சு நடந்துச்சுன்னு அத்தாட்சி கொடுங்க, உடனே தர்றேன்."

"அத்தாட்சின்னா?"

"அவரோட அட்டை."

"அந்த அட்டைக்குத்தான் சார் கூப்பனே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் செயலாளர், தன் பக்கம் ஓர் ஆள் சேர்ந்துவிட்ட திருப்தியோடு. "அட்டை இல்லாம கூப்பன் கொடுத்தா, நாளைக்கு யார் வேணாலும் வந்து பேசினேன்னு சொல்வாங்க. அப்புறம் நமக்கும் பேசாதவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

லென்ஸ்காரருக்குக் கோபம் வரவில்லை. கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மரத்த பல் மாதிரி இருந்தது. நடந்ததை முழுவதும் சொன்னார். மனைவி பேசியது, மைக்கில் போனது, தீவுக்காரர் எழுதி வைத்தது.

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மனைவிக்கு லைசென்ஸ் இருந்துதா?"

"என்ன லைசென்ஸ்?"

"வானலையில பேசறதுக்கு."

"அவ வீட்டுக்குள்ள பேசினா சார்."

"மைக்ல போயிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

விஷயம் ஒழுங்குக் குழுவுக்குப் போனது. குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பொருளாளர். பேரவையின் கண்காணிப்பு நிலையமும் அவர்தான். அதாவது தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மற்ற உறுப்பினர்கள் பேசுவதைக் கேட்டு, விதி மீறினால் அந்த அலைவரிசையில் விசில் சத்தம் போடுவார். நீளமான, குக்கர் அடங்காத மாதிரி ஒரு விசில்.

"அந்த அம்மாள் நேரில் வந்து விளக்கம் தரணும்" என்றார் பொருளாளர்.

"அவ இறந்துட்டா சார்."

மூவரும் எழுந்து நின்றார்கள். மௌனம் அனுஷ்டித்தார்கள். உட்கார்ந்தார்கள்.

"அப்போ எழுத்து மூலமா விளக்கம் தரட்டும்" என்றார் பொருளாளர்.

மற்ற இருவரும் மனிதாபிமானம் உள்ளவர்கள். கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இறந்தவருக்கு முன்தேதியிட்டு லைசென்ஸ் கொடுத்துவிட்டால் குற்றம் நீங்கிவிடும். ஆனால் அதற்கு அவர் தேர்வு எழுத வேண்டும். நிலைமையைக் கருதி நேர்முகத் தேர்வுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். லென்ஸ்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். படி இறங்கும்போதுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தார், பிடிபடவில்லை.

மனைவியின் தம்பி, மருந்துக் கடை வைத்திருப்பவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அத்தான், அந்த ஆளையே ரேடியோவுல படிச்சுக் காட்டச் சொல்லுங்களேன். தபால் எதுக்கு நடுவுல?"

இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று லென்ஸ்காரருக்கு வெட்கமாக இருந்தது. பேசியதற்கு அட்டை என்று பழகிப்போனவருக்கு, அட்டைக்குப் பதில் பேச்சு என்பது தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. தீவுக்காரர் மறுபடி கிடைக்கும்வரை சாயங்காலம் சாயங்காலமாகக் கூப்பிட்டார். கிடைத்தார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"எழுதியது கையில்தான் இருக்கிறது. படிக்கிறேன். எனக்குச் சரியாக உச்சரிக்க வராது. அந்த..." என்றார் தீவுக்காரர்.

விசில் கிளம்பியது. ஸ்பீக்கர் அதிர்ந்தது. மைத்துனன் காதைப் பொத்திக்கொண்டான். தீவுக்காரர் படித்து முடித்து, சரியா என்று கேட்டு, இன்னொரு முறையும் படித்திருப்பார். விசில் நின்றபோது அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் கேட்டது: "கூப்பன் வேண்டாம். என் செலவிலேயே அனுப்பிவிடுகிறேன்."

பேரவையிலிருந்து ஆள் மூலம் விளக்கம் வந்தது. வானலையில் பேசுகிற இருவரைத் தவிர மூன்றாம் நபரின் செய்தியைச் சொல்வது விதிப்படி தவறு. இறந்த மனைவி மூன்றாம் நபர்.

"மூணாவது ஆளா? அக்காவா? கல்யாணத்துல இருந்தே அந்த ரேடியோதானே மூணாவது ஆளு" என்றான் மைத்துனன்.

மழைக்காலம் ஒன்று போனது. ஒரு நாள் செயலாளரே கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு வந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்க அட்டை வந்துடுச்சு."

லென்ஸ்காரர் தேய்க்கும் சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"கொடுங்க சார்."

"கவலையே வேண்டாம். உடனே திருப்பி அனுப்பிட்டோம்."

சக்கரம் தானாகச் சுற்றி அடங்கும் சத்தம் கேட்டது.

"பதில் செலவை நீங்க கட்டல. அந்த ஏழைத் தீவுக்காரர் தன் காசுல அனுப்பியிருக்காரு. அதை நாம வாங்கி வெச்சுக்கிட்டா அந்த நாட்டுல நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? காசு கட்டாத கேள்விக்கு வந்த பதில், பதிலே இல்ல. அதான் பேரவை முத்திரை குத்தி, மன்னிப்புக் கேட்டு, அவருக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னு ஒரு கூப்பனும் உள்ள வெச்சு அனுப்பிட்டேன்."

"கூப்பனா?"

"ஆமா."

"எனக்கு இல்லைன்னு சொன்னீங்களே சார்."

"உங்களுக்கு இல்ல. பேரவைக்கு உண்டு."

லென்ஸ்காரர் நின்றுபோன சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "அதுல என்ன எழுதியிருந்துது, பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"குறிப்புன்னு போட்டு ஏதோ அந்நிய பாஷையில ஒரு வரி இருந்துது. மொழிபெயர்ப்புக் குழு நகல் எடுத்து வெச்சிருக்கு."

"அது நம்ம பாஷை சார். என் மனைவி பேசினது."

"எழுத்து அந்நிய எழுத்து. அட்டை அந்நிய அட்டை. அதுல எப்படிங்க நம்ம பாஷை வரும்?" என்று செயலாளர் சிரித்தார். "நகலைப் பார்க்கணும்னா அட்டை உங்களுதுன்னு நிரூபிக்கணும். அதுக்கு அட்டையோட வாங்க."

தீவுக்காரர் சாது. தன் அட்டை தன் வீட்டு வாசலுக்கே வந்ததும், கூடவே ஒரு கூப்பன் இருந்ததும், இவர்கள் ஊரில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கூப்பனைக் கொடுத்துத் தபால்தலை வாங்கி, ஒட்டி, அட்டையைத் திரும்ப அனுப்பினார். இப்போது செலவு கட்டிய பதில். லென்ஸ்காரர் பேரவைக்கு ஓடினார்.

"இந்தத் தடவை செலவு கட்டியிருக்கு சார்."

"கட்டினது யாரு? பேரவை. பேரவை அவர்கிட்ட ஏதாவது கேட்டுதா? கேக்கல. கேக்காத பதிலை வெச்சுக்கறது பேரவையோட சுயமரியாதைக்கு இழுக்கு" என்றார் செயலாளர். அட்டை இன்னொரு முத்திரையோடும் இன்னொரு கூப்பனோடும் அதற்குள் கப்பலேறியிருந்தது.

இப்படி அது போவதும் வருவதுமாக இருந்தது. கண்ணாடி அலமாரியின் விசிறியில் நடுவில் சில மடிப்புகள் காணாமல் போயின. பேரவையின் தரப்பை விளக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். யாரும் விளக்கம் கேட்காததால் அது சுறுசுறுப்பாக இயங்கியது. செய்திமடலில் அட்டையின் பயணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று உறுப்பினர்கள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர் லென்ஸ்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கதானா அது" என்றார்.

"பேசாம ராத்திரியோட ராத்திரியா பூட்டை உடைச்சு எடுத்துடலாம் அத்தான்" என்றான் மைத்துனன்.

"உடைக்கற நேரத்துல அட்டை கப்பல்ல இருக்கும்" என்றார் லென்ஸ்காரர்.

அது நகைச்சுவை என்று மைத்துனனுக்குப் பட்டது. அவர் முகத்தைப் பார்த்தான்; சிரிக்கலாமா என்று தெரியாமல் மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான்.

அட்டை ஐந்தாவது முறையாகக் கடலில் வந்துகொண்டிருந்தபோது, பேரவையின் ஆண்டு மாநாட்டில் லென்ஸ்காரருக்கு விருது என்று அறிவித்தார்கள். "அதிக தூரம் பயணம் செய்த அட்டைக்கு உரியவர்." உரியவர் என்று அச்சிலேயே போட்டிருந்தது. அதைக் காட்டி அட்டையைக் கேட்டார். விருதுக்கு மட்டும்தான் உரியவர் என்றார்கள்.

மாநாட்டு மண்டபத்தில் முன்வரிசைகளில் உறுப்பினர்கள். பின்வரிசைகளில் அவர்களின் மனைவிமார். மனைவிமாருக்கு வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் அழைப்பு உண்டு. மண்டபம் நிறைந்து தெரிய வேண்டும் என்று. அவர்கள் கைப்பையில் வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார்கள். மேடையில் முக்காலி போட்டு, அதன் மேல் சட்டம் போட்ட அட்டையை நிறுத்தியிருந்தார்கள். தீவின் படம் போட்ட பக்கம் முழுக்க முத்திரைகள். தென்னை மரத்தின் தலை மட்டும் மூச்சு விட வெளியே தெரிந்தது. எழுத்து இருந்த பக்கம் பின்னால் சுவரைப் பார்த்து இருந்தது. லென்ஸ்காரரை மேடையில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அட்டைக்கும் அவருக்கும் நடுவில் தலைவர்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக் பிடித்தவர்களின் பேரவைக்கே தலைவர் என்றால் கேட்க வேண்டாம்.

"நண்பர்களே, பதில் என்பது என்ன? கிடைத்துவிட்டால் அது முடிந்துபோன விஷயம். கிடைக்காதவரைதான் அது உயிரோடு இருக்கிறது. இந்தப் பேரவை தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ உறுப்பினர்களின் பதில்களை நாம் உயிரோடு வைத்திருக்கிறோம். நம் கிடங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூட்டை மூட்டையாக உயிரோடு இருக்கின்றன."

கைதட்டல்.

"உலகத்தை இணைப்பதுதான் நம் லட்சியம். இணைத்த பிறகு என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். அது நம் லட்சியத்தில் இல்லை."

பலத்த கைதட்டல். லென்ஸ்காரரும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது கை தானாகவே போகிறது.

"இந்த அட்டையில் ஒரு வரி இருக்கிறது. நம் மொழிபெயர்ப்புக் குழு இரவு பகலாக உழைத்து, அது அந்தத் தீவின் ஆதி மொழியில் நம் பேரவைக்கு எழுதிய வாழ்த்து என்று முடிவுக்கு வந்திருக்கிறது. பொருள் இன்னும் விளங்கவில்லை. வாழ்த்துக்குப் பொருள் எதற்கு? அதன் ஓசையே போதும்."

தலைவர் சட்டத்தைத் திருப்பினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அது லென்ஸ்காரர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆதி மொழிக்கு உரிய கம்பீரத்தோடு, எழுத்தெழுத்தாக இழுத்துப் படித்தார்.

"ஆந்தா... ஆலுக்கூம்... வீட்டூலா... யாரூம்... இல்லாயா."

மண்டபம் அமைதியாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்தார்.

"இன்னொரு முறை" என்று யாரோ கேட்டார்கள். தலைவர் இன்னும் வேகமாக, தாளம் போட்டுப் படித்தார்.

பின்வரிசையில் பொருளாளரின் மனைவி வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தினார். "ஏங்க, 'அந்த ஆளுக்கும் வீட்டுல யாரும் இல்லையா'ன்னுதானே அது? இதைத்தானே நான் தினம் உங்ககிட்ட கேக்கறேன்" என்று உரக்கச் சொன்னார்.

பக்கத்தில் இருந்தவர் பக்கென்று சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்குப் புரையேறியது. "எங்க வீட்டுலயும் இதே வசனம்தான்" என்றது ஒரு குரல். "வார்த்தை மாறல பாருங்களேன்" என்றது இன்னொன்று. சிரிப்பு பின்வரிசையிலிருந்து வரிசை வரிசையாக முன்னேறியது. கடைசியில் இருந்த மைத்துனன் எழுந்து நின்றுவிட்டான். அவன் சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

லென்ஸ்காரர் அசையாமல் இருந்தார். கதவு நிலையில் சாய்ந்து நின்ற முகத்தில் இருந்த களை என்ன என்று இப்போது தெரிந்தது. அந்த ஆளுக்கும். அதில் ஒரு 'உம்'. இங்கே ஓர் ஆள் வீட்டில் யாரும் இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, அங்கேயும் ஒருத்தரா. அவள் கேலிதான் செய்தாள். அந்தக் கேலிக்கு இவர் ஹெட்போனைக் கழற்றி, "ஏன் இல்லாம, நீ இருக்கியே" என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் பதில். அதற்குக் கூப்பன் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

தலைவர் மைக்கைத் தட்டினார். மொழிபெயர்ப்புக் குழுவின் முடிவே இறுதியானது என்று அறிவித்தார். பிறகு கேடயத்தை லென்ஸ்காரர் கையில் கொடுத்து, ரகசியக் குரலில், "ஏதாவது பேசறீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"அட்டையை மட்டும் கேக்காதீங்க. நாளைக்கு ஆறாவது பயணம். உங்ககிட்ட கொடுத்துட்டா சாதனை நின்னுடும்."

லென்ஸ்காரர் அட்டையைப் பார்த்தார். நீல மையில், குழந்தை எழுதுகிற மாதிரி பிரித்துப் பிரித்து எழுதிய ஒரு வரி. வேற்றுப் பாஷைக்காரர் ஒருவர், ஒரு சத்தமும் விட்டுப்போகக் கூடாது என்று சிரமப்பட்டு எழுதியது.

"அனுப்பிடுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மைத்துனனும் கூட வந்தான். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், சுவரோரம் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தான். லென்ஸ்காரர் பெட்டியைப் போட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவழியாகத் தீவுக்காரர் கிடைத்தார்.

"உங்கள் சத்தம் ஐந்து-ஒன்பது" என்றார் தீவுக்காரர். "அட்டை கிடைத்ததா?"

"படித்துவிட்டேன். என் மனைவி கேட்டது உங்களைப் பற்றி. ஒரு கேள்வி. மொழிபெயர்த்துச் சொல்கிறேன். அந்த ஆளுக்கும் வீட்டில்..."

விசில் கிளம்பியது. நீளமாக, அடங்காமல். மைத்துனன் ஸ்பீக்கரை முறைத்தான். லென்ஸ்காரர் மைக்கைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். அவருக்குக் காத்திருப்பது பழகியிருந்தது.

விசில் பாதியில் படக்கென்று அறுந்தது. நிறுத்தின மாதிரி இல்லை. யாரோ ப்ளக்கைப் பிடுங்கின மாதிரி.

"பொருளாளர் வீட்டுல ஆளு இருக்காங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

லென்ஸ்காரர் கேள்வியை முதலிலிருந்து சொன்னார். அந்தப் பக்கம் இரைச்சல் லேசாக ஏறி இறங்கியது.

"இல்லை. யாரும் இல்லை" என்றார் தீவுக்காரர். "முன்பு இருந்தார்கள். ஆனால் இந்த அட்டை திரும்பித் திரும்பி வந்ததில் தபால்காரர் பழக்கமாகிவிட்டார். என் வீடு மேட்டில் இருக்கிறது. ஏறி வருவதற்குள் களைத்துவிடுகிறார். உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் போகிறார். போன மாதம் அவர் பெண்ணின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்."

லென்ஸ்காரர் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

"அட்டை இன்று காலை மறுபடி கிளம்பியிருக்கிறது. உள்ளே கூப்பன் இருக்கும். வந்து சேர்ந்ததும் திருப்பி அனுப்புங்கள்."

"எத்தனை தடவை?"

"அலமாரியில் இன்னும் நிறைய இருக்கிறது" என்றார் லென்ஸ்காரர்.

தீவுக்காரர் சிரித்தது கொஞ்சம் கேட்டது. பிறகு ஆகாயம் மூடிக்கொண்டது. மைத்துனன் கடையை அடைக்கப் போனான். லென்ஸ்காரர் பெட்டியை அணைக்காமல், இரைச்சலைச் சின்னதாகக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் அலமாரிக்கு மேலே தூசிக்குள் கிடந்தது. கதவு கேடயத்தில் முட்டிக்கொண்டு அகலத் திறந்திருந்தது. பின்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.